"இதுவும் அதேதான்" என்று கொடுத்த மாத்திரை

கேள்வி: ஏற்காட்டில் எஸ்டேட் வேன் ஓட்டுகிறேன், ஐயா. பனியும் தூசியும் பட்டால் விடாத தும்மல். சேலத்தில் டாக்டர் ஃபெக்சோஃபெனடின் 120 எழுதித் தந்தார். மெடிக்கலில், "அது ஸ்டாக் இல்லை, இதுவும் அதேதான், விலையும் கம்மி" என்று வேறொரு மாத்திரை கொடுத்தார்கள். ராத்திரி ஒன்று போட்டேன். மறுநாள் காலை அடிவாரத்திலிருந்து மலையேறும்போது கண் சொக்கியது. என் உடம்புவாகா, கடைக்காரர் தப்பா? பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: இருபது கொண்டை ஊசி வளைவுள்ள பாதையில் கண் சொக்கினால் வண்டியை ஓரங்கட்டுவதுதான் முதல் வேலை. பணம் அப்புறம்.

"அதேதான்" என்றார்களே, அது சரியில்லை. தும்மலையும் மூக்கொழுகலையும் கிளப்பும் ஹிஸ்டமின்தான் மூளைக்குள் நம்மை விழிப்பாகவும் வைத்திருக்கிறது. குளோர்பெனிரமின், பெனிரமின் போன்ற பழைய மருந்துகள் மூளைக்குள்ளும் புகுந்து அதை அடக்கிவிடுகின்றன, தூக்கம் வருகிறது. ஃபெக்சோஃபெனடின் மூளைக்குள் அநேகமாகப் போவதே இல்லை. நீங்கள் வண்டி ஓட்டுபவர் என்று தெரிந்துதான் டாக்டர் அதை எழுதியிருக்க வேண்டும். செட்ரிசின் இரண்டுக்கும் நடுவில்: பலருக்கு ஒன்றும் செய்யாது, சிலரை மதியமே சாய்த்துவிடும்.

வீட்டில் அந்த அட்டை இருந்தால் திருப்பிப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்து. பாராசிட்டமால், ஃபினைல்எஃப்ரின், குளோர்பெனிரமின் மாலியேட் என்று மூன்றும் வரிசையாக இருந்தால் அது சாதாரண சளி மாத்திரை. "ராத்திரிதானே போட்டேன், காலையில் எப்படி?" என்று கேட்பீர்கள். குளோர்பெனிரமின் உடம்பில் பாதியாகக் குறையவே பலருக்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். தூக்கம் தெரியாவிட்டாலும் பிரேக்கில் கால் போவது தாமதமாகலாம். ஏற்காட்டுக் காப்பியை எவ்வளவு ஸ்ட்ராங்காகக் குடித்தாலும் இது தெளியும் என்று நம்பி ஸ்டியரிங்கைப் பிடிக்காதீர்கள். மது சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இனி பணம். "தூக்கம் வந்தது" என்று சண்டைக்குப் போனால் நிற்காது. அது அந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவு. "சீட்டில் எழுதியது ஒன்று, கொடுத்தது ஒன்று" என்பதுதான் உங்கள் கேஸ். ஷெட்யூல் எச், அதாவது டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியல். அந்தப் பட்டியலில் உள்ள மருந்துக்குச் சீட்டு இருக்கும்போது கடைக்காரர் தானாக வேறொன்றை மாற்றித் தரக்கூடாது என்று மருந்து விதிகளே சொல்கின்றன. சீட்டையும் பில்லையும் எடுத்துக்கொண்டு முதலில் கடைக்கே போங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுதிக் கொடுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-ம் இருக்கிறது. பில் வாங்கவில்லையா? அப்படியானால் இந்த முறை விட்டுவிடுங்கள், அடுத்த முறை பேட்ச் எண்ணோடு பில் கேளுங்கள். நாலு மாத்திரை கத்தரித்துத் தந்தால் பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பக்கத்தையே கேட்டு வாங்குங்கள்.

விலை கம்மி என்பது மட்டும் தப்பில்லை. அதே மருந்து, அதே மில்லிகிராம் என்றால் மக்கள் மருந்தகத்தில் மலிவாகக் கிடைப்பதும் நல்லதுதான், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாற்றிக்கொள்ளலாம்.

ஃபெக்சோஃபெனடின் கிடைத்ததும் தண்ணீரோடு போடுங்கள். மலையில் ஆரஞ்சு கிடைக்கிறதே என்று ஜூஸோடு போட்டால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது. எந்தப் புது மாத்திரையானாலும் முதல் தடவை லீவு நாளில் போட்டுப் பார்ப்பது நல்லது. வருடம் முழுக்கத் தும்மல் என்றால் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள். அதில் இந்தத் தூக்கத் தொல்லை இல்லை, ஆனால் முழுப் பலன் தெரிய சில நாட்கள் பொறுக்க வேண்டும்.

கேள்வி: பெரியவனுக்கு வாங்கிய சளி சிரப் மீதி இருக்கிறது. மூன்று வயது சின்னவளுக்குக் கொடுக்கலாமா? குடித்தால் நன்றாகத் தூங்குவாள். — அம்மாப்பேட்டை வாசகி

பதில்: வேண்டாம், அம்மா. குளோர்பெனிரமினும் ஃபினைல்எஃப்ரினும் சேர்ந்த மருந்தை நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிட வேண்டும் என மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. உங்கள் பாட்டில் அதற்கு முந்தியது என்றால் அந்த வரி இருக்காது, அவ்வளவு பழைய சிரப் வீட்டிலேயே இருக்கக் கூடாது. தூங்குவதற்காகக் கொடுப்பது இன்னும் ஆபத்து. குழந்தையை டாக்டரிடம் காட்டுங்கள்.