காலியான குவிமாடம்

அன்புள்ள ஐயா,

சைப்ரஸில் நிக்கோசியாவில் வேலை பார்க்கும் என் தம்பி, அங்கே ஒரு கண்காட்சியில் எடுத்த படங்களை அனுப்பியிருந்தான். பழங்காலச் சுடுமண் உருவங்களுக்கு நடுவே இன்றைய சிற்பி ஒருவரின் வேலையை வைத்திருக்கிறார்கள். ‘பழமையுடன் உரையாடல்’ என்று அதற்குப் பெயராம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. மூவாயிரம் வருடப் பொருளுக்குப் பக்கத்தில் எதை வைத்தாலும் ஒரு கம்பீரம் வந்துவிடும். இது இரவல் மதிப்புதானே? உரையாடல் என்றால் இரண்டு பக்கமும் பேச வேண்டும். செத்துப்போன கலை எப்படிப் பதில் சொல்லும்?

க., கோவை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் எரிச்சலில் பாதி எனக்கும் உண்டு. பழைய ஜாடிக்குப் பக்கத்தில் ஒரு எஃகு உருண்டையை வைத்துவிட்டு, சுவரில் பெரிதாக விளக்கம் எழுதி ஒட்டுகிற வேலை பல ஊர்களில் நடக்கிறது. அதை விட்டுவிடுவோம். ‘செத்துப்போன கலை’ என்கிறீர்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

தம்பியிடம் சைப்ரஸ் வெளியிட்ட 1 யூரோ நாணயம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கைகளைச் சிலுவைபோல விரித்த உருவம் ஒன்று அதில் இருக்கும். பொமோஸ் என்ற ஊரில் கிடைத்த, ஏறத்தாழ 5000 வருடப் பழமையான சிலை அது. மூலச் சிலை ஒரு சாண்கூட இருக்காது. பிக்ரோலைட் என்ற மிருதுவான கல்லில் செதுக்கியது. அதன் கழுத்தைப் பாருங்கள். அதே மாதிரி கைவிரித்த குட்டி உருவம் ஒன்று பதக்கமாகத் தொங்குகிறது. செதுக்கியவர், தனக்கு முன்பே புழக்கத்தில் இருந்த வடிவத்தை எடுத்து அந்த வடிவத்தின் கழுத்திலேயே மாட்டியிருக்கிறார். முன்னோர் கலையைப் பற்றிக் கலையாலேயே பேசுவது அந்தத் தீவில் அப்போதே இருந்திருக்கிறது.

இன்னொரு பக்கம் சைப்ரஸ் ஓவியர் கிறிஸ்டோஃபோரோஸ் சாவா. 1968இல் சைப்ரஸ் முதன்முறையாக வெனிஸ் பினாலே என்ற உலகக் கலைக் கண்காட்சியில் கலந்துகொண்டபோது அதில் இடம்பெற்றவர்; அதே வருடம் 44 வயதில் இறந்துபோனார். துணித்துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்தே ஓவியம் செய்தவர். வீட்டுப் பெண்களின் ஊசி நூல் வேலையும் ஐரோப்பிய நவீன ஓவியமும் அவர் கையில் ஒன்றாயின. அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

ஆனால் உங்கள் கேள்விக்கு நேரான பதில் லிசியில் இருக்கிறது. ஃபமகுஸ்தா பக்கத்தில், தீவின் வடக்குப் பாதியில் இருக்கும் ஊர். ஊருக்கு வெளியே ஒரு சின்னக் கல் தேவாலயம். அதன் குவிமாடத்தில் 13ஆம் நூற்றாண்டுச் சுவரோவியம்: நடுவில் கிறிஸ்து, சுற்றிலும் தேவதூதர்கள். கருவறைபோல உள்வாங்கிய கிழக்குச் சுவரில் மரியாள். 1974இல் துருக்கிப் படை வந்து தீவு இரண்டானது. அப்புறம் திருடர்கள் அந்த ஓவியத்தைச் சுவரோடு பெயர்த்து 38 துண்டுகளாக்கி வெளிநாட்டுக்குக் கடத்தினார்கள். அமெரிக்காவில் ஹூஸ்டனைச் சேர்ந்த டொமினிக் டி மெனில் என்ற கலைச் சேகரிப்பாளரிடம் அவை விலைக்கு வந்தன. அவர் விசாரித்து, உண்மையான சொந்தக்காரர் சைப்ரஸ் திருச்சபை என்று தெரிந்துகொண்டு, அவர்கள் சம்மதத்துடன் அவர்களுக்காகவே வாங்கினார். துண்டுகளைச் சேர்த்து மறுபடி குவிமாடமாக்கவே சில வருடங்கள் ஆயின.

அதைச் சில காலம் ஹூஸ்டனில் வைத்திருக்க ஒப்பந்தம். எங்கே வைப்பது? அவர் மகன் பிரான்சுவா டி மெனில் கட்டிய கட்டடம் 1997இல் திறந்தது. லிசியின் கல் சுவரைப் போலியாகக் கட்ட அவர் முயலவே இல்லை. இருண்ட பெட்டிபோன்ற அறைக்குள், தடித்த மங்கலான கண்ணாடிப் பலகைகளைத் தொங்கவிட்டு, அந்தத் தேவாலயத்தின் வடிவத்தை மட்டும் கோடாகக் காட்டினார். ஓவியம் மட்டும்தான் அசல். சுற்றியிருந்த கண்ணாடி, ‘இங்கே ஒரு சுவர் இருந்தது, இப்போது இல்லை’ என்றது. பழைய ஓவியம் தன் காயத்தோடு பேச, புதிய கலை அதை மூடி மறைக்காமல் பதில் சொல்லியிருக்கிறது. இதை நான் இரவல் என்று சொல்ல மாட்டேன்.

2012இல் ஓவியங்கள் சைப்ரஸுக்குத் திரும்பின. ஹூஸ்டன் கட்டடம் காலியானது. 2015இல் ஜேனட் கார்டிஃப், ஜார்ஜ் பியூரெஸ் மில்லர் என்ற கலைஞர்கள் இருவரும் 150க்கும் மேற்பட்ட பழைய முகக்கண்ணாடிகளை அங்கே தொங்கவிட்டுச் சுழலவிட்டார்கள். அடுத்த வருடம் பிரான்சிஸ் அலீஸ் என்ற கலைஞர் வந்தார். ஹென்னர் என்ற பிரெஞ்சு ஓவியர் 1885இல் வரைந்த புனித ஃபபியோலாவின் ஓவியம் தொலைந்துபோனது. சிவப்பு முக்காட்டோடு பக்கவாட்டில் பார்க்கும் அந்தப் பெண்ணை யார் யாரோ வரைந்த நகல்களைச் சந்தைகளில் தேடித்தேடிச் சேர்த்தவர் அலீஸ். 450க்கும் மேலே. அத்தனையும் அந்தச் சுவர்களில். மூலம் இல்லாத படங்கள், மூலம் போய்விட்ட வீட்டில். அந்த இடம்தான் அவற்றுக்கு இந்தப் பொருளைக் கொடுத்தது என்று நான் நம்புகிறேன். வேறோர் அறையில் மாட்டினால் அது வராது.

லிசிக்கு ஓவியங்கள் இன்னும் போகவில்லை. தீவு இன்னும் இரண்டாகவே இருப்பதால் நிக்கோசியாவில் பைசாந்திய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பேராயர் மாளிகையை ஒட்டிய கட்டடம்; தம்பிக்கு வழி கேட்கவே தேவையிருக்காது. ஒரு நாள் போய்க் குவிமாடத்துக்குக் கீழே கொஞ்ச நேரம் நிற்கச் சொல்லுங்கள். துண்டுகளைச் சேர்த்த கோடுகள் கண்ணுக்குத் தெரிகின்றனவா என்று பார்த்து வரட்டும். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.