செருப்புக் கேட்டு வந்தவன் – கடிதமும் பதிலும்

அன்பின் அக்கா,

யாழ்ப்பாணத்தில் நடக்கிற ஒரு வாம்பயர் கதை எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நெடுந்தீவுக் கோட்டையில் பகல் முழுக்கப் பெட்டிக்குள் கிடந்து இரவில் இரத்தம் தேடி வெளிக்கிடும் ஓர் ஒல்லாந்தப் பிரபுதான் நாயகன். எங்களிடமும் காட்டேறி, முனி, கொத்தி என்று பேய்கள் எல்லாம் உண்டு. ஆனால் அவை படிப்பறிவில்லாத சனங்களின் மூடநம்பிக்கை, கவர்ச்சியும் இல்லை. பிரபு வெயிலில் எரிந்துபோவதாக முடித்தது சரியா?

வாசகன், சுன்னாகம்

அன்புத் தம்பி,

1897இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய நாவலில் வாம்பயர் பிரபு திராகுலா பகலிலும் நடமாடுகிறான். வெயிலில் அழிவதெல்லாம் 1922இல் வந்த 'நொஸ்ஃபெராட்டு' என்ற ஜெர்மன் மௌனப்படத்துக்குப் பிறகு பரவியது. உமக்குப் பிடித்தபடி முடித்துக்கொள்ளும். கோட்டை, பெட்டி பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

'படிப்பறிவில்லாத சனங்கள்' என்று எழுதினீரே, அதற்காகத்தான் இந்தப் பதில். இப்படி எழுத உமக்குக் கை கூசவில்லையா?

1725இல் சேர்பியாவின் கிசிலியேவோ என்ற ஊரில் பேதர் பிளகோயெவிச் என்ற குடியானவன் சாகிறான். எட்டு நாளைக்குள் இன்னும் ஒன்பது பேர் சாகிறார்கள். இரவில் அவன் வந்து தங்கள் கழுத்தை நெரித்ததாகச் சாகுமுன் சொல்கிறார்கள். மனைவியிடமும் வந்திருக்கிறான். எதற்கு? தன் செருப்பைக் கேட்டு. ஆஸ்திரிய அதிகாரி எழுதிய அறிக்கையில் இருக்கிறது இது. குழியைத் தோண்டினால் உடல் அழுகவில்லை, வாயில் இரத்தம், பழைய தோல் உரிந்து புதுத்தோல், புது நகம். நெஞ்சில் கூர்மரம் இறக்கி எரித்தார்கள்.

அந்தச் சனங்கள் இல்லாத ஒன்றைக் காணவில்லை. பிணத்துக்குள் வாயு சேர்ந்தால் உடல் ஊதும், இரத்தம் கலந்த நீர் வாயால் வரும், மேல்தோல் கழன்று உள்தோல் தெரியும், குளிர்ந்த மண்ணில் அழுகலும் பிந்தும். ஒரு வீட்டில் ஒருவர் செத்தபின் அடுத்தவரும் சாவதையும் சரியாகவே கவனித்தார்கள். கண்டது சரி, காரணம்தான் பிழை. கிருமிதான் நோயைப் பரப்புகிறது என்று மருத்துவம் ஒத்துக்கொள்ள அதன்பிறகு நூற்றைம்பது வருடம் பிடித்தது. ஒத்துக்கொண்ட பிறகும் என்ன? ரொபேட் கொக் என்ற ஜெர்மன் மருத்துவர் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்துப் பத்து வருடம் கழித்து, 1892இல், அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் மேர்சி பிறவுண் என்ற 19 வயதுப் பெட்டையின் உடலை வெளியே எடுத்து, இதயத்தை எரித்து, சாம்பலைக் கரைத்து நோயாளியான அவளின் சகோதரனுக்குப் பருக்கினார்கள். அவனும் செத்தான். அவர்களை முட்டாள்கள் என்பீரா? நோயில் கிடந்த மகனையாவது காப்பாற்ற வேறு வழி தெரியாத வீடு அது.

பிரபுவும் அங்கியும் பிறகு எழுத்தாளர்கள் போட்ட வேசம். ஊர்க்கதையில் வருகிறவன் ஊதிச் சிவந்த குடியானவன். அவன் முதலில் போவது சொந்த வீட்டுக்கு.

எங்கள் கொத்தியும் அப்படித்தான், பிள்ளை பெற்ற வீட்டைச் சுற்றுவாள். என் அம்மம்மாவின் தங்கச்சி பிள்ளைப்பேற்றில் செத்தவ. பிறகு அந்த ஒழுங்கையால் பொழுதுபட்டால் ஒருவரும் போகமாட்டார்களாம். கழிப்புக் கழித்தார்கள், வேப்பிலை கட்டினார்கள். அம்மம்மாவுக்கு மட்டும் பயமில்லை. "படலையடியில வந்து நிண்டு, பிள்ளை பால் குடிச்சிட்டுதோ எண்டு கேட்டவள். குடிச்சிட்டுது, நீ போ எண்டு சொன்னனான்" என்பா. அந்தப் பிள்ளையைத் தன் பிள்ளைகளோடு சேர்த்து வளர்த்தது அம்மம்மாதான். நாங்கள் மாமா என்று கூப்பிட்டோம்.

செத்தவன் செருப்புக் கேட்கிறான், செத்தவள் பிள்ளையைக் கேட்கிறாள். இதில் கவர்ச்சி இல்லை என்கிறீர்! படங்கள் இவளுக்கு வெள்ளைச் சேலை கட்டி, தலையை விரித்து, பல்லை வைத்துப் பயங்காட்டுகின்றன. அவள் ஏன் வந்தாள் என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான்.

உமக்கு எழுத்து வருகிறது, தம்பி. தாய் விளக்கைத் தணித்துவிட்டு மகனுக்காகக் காத்திருக்கும் அந்த ஒரு பக்கம் நன்றாயிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டும். உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருந்தால், செத்தவர்களில் யார் திரும்பி வந்தார்கள், வந்து என்ன கேட்டார்கள் என்று விசாரித்து எழுதி அனுப்பும். வாசிக்கிறேன்.

அன்புடன்,
அக்கா