தலையில் அடிபட்ட பிள்ளைக்கு ஸ்கான் எப்போது தேவை?

ஒட்டுசுட்டானில் கிணற்றுக்கட்டிலிருந்து விழுந்து ஒருமுறை வாந்தி எடுத்த 5 வயது மகனுக்கு மூளை சி.டி. (CT) ஸ்கான் வேண்டுமா எனக் கேட்டிருக்கிறீர்கள். வைத்தியரிடம் இன்றே காட்டுங்கள்; தூரத்தை எண்ணி விடியட்டும் என்று காத்திருப்பதுதான் எனக்கு அச்சம் தருகிறது. ஆயினும் வாந்தி மட்டுமே ஸ்கானுக்குக் காரணமாகாது. 42,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்து 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வின்படி, 2 வயதைக் கடந்த பிள்ளை தெளிவின்றிக் குழம்பியிருந்தாலோ, காதிலிருந்து இரத்தமோ தெளிந்த நீரோ வடிவது போன்ற மண்டையோட்டு அடிப்பகுதி முறிவின் அறிகுறி தெரிந்தாலோ உடனே ஸ்கான் எடுக்க வேண்டும். வாந்தி, சுயநினைவிழப்பு (மயக்கம்), கடும் தலைவலி, 5 அடிக்கு மேலிருந்து விழுந்தமை ஆகியவற்றில் ஒன்று மட்டும் இருப்பின், ஸ்கானின் கதிர்வீச்சு பிற்காலப் புற்றுநோய் ஆபத்தைச் சிறிது கூட்டுவதால், சில மணிநேரம் வைத்தியசாலை விடுதியில் வைத்து அவதானிப்பதே பெரும்பாலும் தகும். அவதானிக்கும்போது வாந்தி தொடர்ந்தாலோ எழுப்புவது கடினமானாலோ ஸ்கானைத் தாமதிக்கக் கூடாது.