அடியில் குழல் உள்ள ரிவால்வர் வீட்டுக்கு ஆகுமா?

கேள்வி: என்னிடம் உரிமம் இருக்கிறது. சியாப்பா ரைனோ ரிவால்வரின் குழல் மேலே இல்லாமல் அடியில் இருக்கிறது. உதைப்பு குறைவு என்கிறார்கள். வீட்டுப் பாதுகாப்புக்கு வாங்கலாமா, வழக்கமான மாடலே போதுமா?

பதில்: உதைப்பு விஷயம் பாதிதான் சரி. பெரும்பாலான ரிவால்வர்களில் சிலிண்டரின் (தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளையின்) உச்சி அறை வெடிக்கும். ரைனோவில் அடி அறை. குழல் கையை ஒட்டித் தாழ்ந்திருப்பதால் உதை நேராக உள்ளங்கைக்கு வருகிறது, முனை அதிகம் துள்ளாது, அடுத்த தோட்டாவுக்குக் குறி சீக்கிரம் திரும்பும். மொத்த உதை அப்படியேதான் இருக்கும். 2 அங்குலக் குழல் மாடலில் .357 மேக்னம் என்ற வலுவான தோட்டாவைப் போட்டுப் பாருங்கள், தெரியும்.

எனக்குத் தயக்கம் வேறிடத்தில். பின்னால் சுத்தி (தோட்டாவை அடித்து வெடிக்க வைப்பது) போலத் தெரிவது சுத்தியே அல்ல, ஒரு நெம்புகோல். இழுத்து விட்டால் உள்ளே சுத்தி ஏறி நிற்கும். நெம்புகோலோ பழைய இடத்துக்கே வந்துவிடும். ஏறியிருக்கிறது என்று சொல்ல மேலே சின்னச் சிவப்பு முள் ஒன்றுதான் எழும்பும். நடு இரவு இருட்டில் அதை யார் பார்ப்பது? இறக்க வேண்டுமானால் நெம்புகோலை முழுக்க இழுத்துப் பிடித்து, டிரிக்கரை அழுத்தி, மெல்லத் தளர்த்த வேண்டும். விரல் வழுக்கினால் வெடிக்கும். அதனால் வீட்டில் நெம்புகோலைத் தொடாதீர்கள். நீளமான டபுள் ஆக்‌ஷன் இழுப்பிலேயே, அதாவது சுத்தியை முன்கூட்டி ஏற்றாமல் டிரிக்கரை மட்டும் இழுத்துச் சுடுவதிலேயே, பழகுங்கள்.

பிடியையும் மாற்ற வேண்டியிருக்கும். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடுக்கில் சூடான வாயு பீறிடும். இங்கே அந்த இடுக்கு தாழ்ந்திருப்பதால், டிரிக்கர் காப்புக்கு முன்னால் நீட்டிய விரலை அது சுட்டுவிடும். கட்டைவிரல்களை மடக்கிக் கீழேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதென்றால் 4 அங்குலம் எடுங்கள். அதில் விளக்கு மாட்ட ரெயில் உண்டு. உள்ளே போட .38 ஸ்பெஷல் என்ற மிதமான தோட்டா போதும், அது .357 அறையில் தாராளமாக ஓடும். மூடிய அறைக்குள் மேக்னம் வெடித்தால் கண் கூசும், காது அடைத்துவிடும். குறி தவறிய தோட்டா சுவரைத் துளைத்து அடுத்த அறைக்கும் போகலாம்.

வீட்டில் வைக்கப்போகும் அதே தோட்டாவில் 50, பயிற்சித் தோட்டாவில் 150, எல்லாம் டபுள் ஆக்‌ஷனில் சுட்டுப் பாருங்கள். சுத்தியின் அடி லேசாக விழுந்து ஒரு தோட்டா வெடிக்காமல் போனாலும் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். உள்ளே இணைப்புத் துண்டுகள் நிறைய; பக்கத் தகட்டை நீங்களே கழற்றாதீர்கள். இவ்வளவு பயிற்சிக்கு நேரமில்லை என்றால் சாதாரண 4 அங்குல .38 ரிவால்வரே வாங்குங்கள். எதுவானாலும் விரைவில் திறக்கும் பூட்டுப் பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும், தலையணைக்கு அடியில் அல்ல.