முழங்காலுக்குத் தெரிந்த சரிவு

அன்புள்ள ஐயா,

எனக்கு 51 வயது. 22 வருடமாக அலுவலக வளாகம், கடைத்தொகுதி, கிடங்கு என்று வணிகக் கட்டடங்கள் கட்டி வாடகைக்கு விடும் தொழில் செய்கிறேன். ஒன்பது வருடமாக ஞாயிறு தவறாமல் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் மலையில் ஏறுகிறேன். பெரிய சிகரம் எல்லாம் இல்லை, ஏறி இறங்க நான்கு மணி நேரம் ஆகும். அதே மலை, அதே பாதை. கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் சரிவு மாறும் இடம் முழங்காலுக்குத் தெரிந்துவிடும்.

வாரம் முழுக்க நிலத்தை வெட்டுகிறேன், நிரப்புகிறேன், மேலே தார் போடுகிறேன். போன மாதம்கூட ஐந்து ஏக்கர் சரிவு நிலம் ஒன்றை ட்ரோன் எடுத்த படத்தைப் பார்த்தே பேசி முடித்தேன். ஞாயிறன்று மலை வந்து இதையெல்லாம் கழுவிவிடுகிறது. அங்கே யாரும் எதையும் கட்டவில்லை, பாதைகூடத் தானாக அமைந்தது, அந்த அமைதிக்குக் காரணமே அதுதான் என்று நினைக்கிறேன். கூட வரும் நண்பர்கள் 'இவன் மலையைப் பார்த்தாலும் சதுர அடிக் கணக்குத்தான் போடுவான்' என்பார்கள். சிரித்துக்கொள்வேன், ஆனால் தைக்கும். இரண்டு ஆளாக வாழ்கிறேனோ என்று படுகிறது. தொழிலை விட்டுவிடலாமா? இன்னும் இரண்டு கேள்வி: இந்த வயதில் ஏறுவதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளலாம்? அலுவலகத்து இளைஞர்களை ஞாயிறு நடைக்கு அழைத்துப்போகலாமா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்தபோது அப்பாவின் அளவுச் சங்கிலியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பரணில் கிடந்து துருவேறிவிட்டது. எண்ணெய் போட்டு ஒவ்வொரு கண்ணியாகத் தேய்த்த அந்த நான்கு நாளும், சரிவான நிலத்தை ஒரு மனிதன் எதைக் கொண்டு அறிகிறான் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து, சரிவு முழங்காலுக்குத் தெரியும் என்று நீங்கள் எழுதுகிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். நேரத்துக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஸ்காட்லாந்தின் மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்னது. மணிக்கு 3 மைல், அதோடு ஏறுகிற ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். உட்கார்ந்து இளைப்பாறுவது இதில் சேராது. 51 வயதில் இதற்கு மேல் எவ்வளவு கூட்டிக்கொண்டாலும் தப்பில்லை. இளைஞர்களைப் பற்றிக் கேட்டீர்கள். விடுமுறை நாளில் முதலாளி கூப்பிட்டால் அது விடுமுறையாக இருக்காது, அவர்களை விட்டுவிடுங்கள். தொழிலை விடுவதா? வேண்டாம். நீங்கள் விலகினால் அந்த ஐந்து ஏக்கர் சும்மா கிடக்கப்போவதில்லை, சரிவு என்றால் என்னவென்றே காலால் அறியாத ஒருவர் கைக்குப் போகும். நண்பர்களின் கிண்டலுக்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லை, அவர்களும் வாரத்தில் ஐந்து நாள் யாரோ கட்டிய கட்டடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சரி, இப்போது கோபத்துக்கு வருகிறேன். மலை கழுவிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, மலை என்ன உங்கள் குளியலறையா? ஆறு நாள் அழுக்கை ஏழாம் நாள் கழுவ ஓர் இடம் கிடைத்துவிட்டால், ஆறு நாளும் என்ன செய்தோம் என்று திரும்பிப் பார்க்கவே வேண்டியிருக்காது. இரண்டு ஆளாக வாழ்கிறேனோ என்று கேட்கிறீர்கள். அப்படி இருப்பது உங்களுக்கு வசதியாக இருக்கிறது, அதனால் இருக்கிறீர்கள்.

விக்டர் குருயென் பெயரை உங்கள் தொழிலில் கேள்விப்பட்டிருப்பீர்கள். வியன்னாவில் பிறந்து அமெரிக்கா போன கட்டடக்கலைஞர். 1956இல் மினியாபொலிஸ் அருகே திறக்கப்பட்ட சவுத்டேல் என்ற மூடிய வணிக வளாகம் அவர் வடிவமைத்தது, மால் என்று இன்று நாம் சொல்வதெல்லாம் அதன் வழியில் வந்தவை. அதைச் சுற்றி வீடுகள், பள்ளி, பூங்கா, ஏரி எல்லாம் வர வேண்டும், மனிதர்கள் நடந்து வந்து சந்திக்கும் நடுமையமாக அது இருக்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. கட்டியவர்கள் கடைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, சுற்றிலும் கார் நிறுத்தத் தார் போட்டார்கள். 1978இல் லண்டனில் பேசும்போது, இந்த மால்களுக்கு என்னைத் தகப்பன் என்று சொல்லாதீர்கள் என்று அவர் கைகழுவினார். அதற்கு இரண்டு வருடம் கழித்து இறந்தும்போனார். அவருடைய வருத்தம் உண்மையானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த வருத்தத்தால் ஒரு சதுர அடி தார்கூடப் பெயர்க்கப்படவில்லை. நீங்களும் அந்த வழியில்தான் போகிறீர்கள், ஞாயிறு தோறும் கொஞ்சம் கொஞ்சமாக.

அதைவிடப் பெரிய தப்பு, பாதை தானாக அமைந்தது என்பது. ஒன்பது வருடம் நடந்தவர் எழுதுகிற வரியா இது? ஆடு மாடு போட்ட தடமாக அது தொடங்கியிருக்கலாம். ஆனால் அடுத்த ஞாயிறு கொஞ்சம் குனிந்து பார்த்து நடங்கள். செங்குத்தான பக்கத்தில் பாதை ஏன் நேரே மேலே போகாமல், சரிவுக்குக் குறுக்காகச் சாய்ந்து ஏறி, திரும்பி, மறுபடி சாய்ந்து ஏறுகிறது? மலைப்பாதை போடுகிறவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. பாதையின் ஏற்றம், அது கடக்கிற மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. சரிவு 20 சதவீதம், அதாவது கிடைமட்டமாக 100 அடி போனால் 20 அடி உயரம் என்றால், பாதை 10க்குள் இருக்க வேண்டும். தாண்டினால், மேலிருந்து வரும் மழைநீர் பாதையைக் குறுக்கே கடந்து போகாமல் பாதையையே வாய்க்காலாக்கிக்கொண்டு இறங்கும். நடக்கிற தளமும் பள்ளத்துப் பக்கமாக லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும், 5 சதவீதம் போல. காலுக்கு அது தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். அப்புறம், ஏறிக்கொண்டே போகும் பாதை திடீரென்று நாலு எட்டு இறங்கி மறுபடி ஏறுமே, எதற்கு வீணாக இறங்க வைக்கிறார்கள் என்று நீங்களும் அலுத்துக்கொண்டிருப்பீர்கள், அந்தத் தாழ்வில்தான் பாதையோடு ஓடிவந்த நீர் விலகி வெளியே போகிறது.

எல்லா மலையிலும் சோம்பல்பட்டவர்கள் வளைவைத் தவிர்த்து நேரே இறங்கிய குறுக்குத்தடம் ஒன்று இருக்கும். அதன் பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். மேல்மண் போயிருக்கும், சரளைக்கல் மட்டும் துருத்திக்கொண்டிருக்கும், ஒரு மரத்தின் வேர் கீழே மண்ணில்லாமல் கயிறு மாதிரி அந்தரத்தில் நிற்கும், அதன் மேல்பக்கம் மிதிபட்டு மிதிபட்டு வழவழப்பாகியிருக்கும். அந்தப் பள்ளம்தான் தானாக அமைந்தது. உங்கள் பாதை அப்படி ஆகாமல் இருக்கிறதென்றால், தண்ணீர் எங்கே போகும் என்று யோசித்த ஒருவர் அங்கே கல்லைப் புரட்டி வைத்திருக்கிறார். அதாவது, உங்கள் தொழில்காரர் ஒருவர்.

சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவில் ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை 14 மாநிலங்கள் வழியாகப் போகும் அப்பலாச்சியன் நடைபாதை ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளம். அந்த யோசனையை 1921இல் முன்வைத்த பென்டன் மெக்கை வனத்துறையில் வேலை பார்த்தவர், திட்டமிடல் அறிஞர். கட்டுரையை அவர் எங்கே வெளியிட்டார் தெரியுமா? அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகத்தின் இதழில். தலைப்பிலேயே அதை வட்டாரத் திட்டமிடலுக்கான ஒரு பணி என்று குறிப்பிட்டிருந்தார். 1937இல்தான் பாதை முழுதாக இணைந்தது. ஆக, உலகத்தில் நடக்கிறவர்கள் கனவு காணும் ஒரு பாதை, கட்டுகிறவர்கள் படிக்கும் பத்திரிகையில் பிறந்திருக்கிறது. நீங்கள் மலையடிவாரத்தில் காரை நிறுத்தும்போது உங்கள் தொழிலையும் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறீர்கள். எதற்கு?

அப்பாவின் சங்கிலியைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. அவர் சர்வேயரிடம் சங்கிலி பிடிக்கும் வேலை பார்த்தவர். 66 அடி, 100 கண்ணி, எட்மண்ட் கண்டர் என்ற ஆங்கிலேயர் 1620இல் வகுத்த அளவு. 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். பத்துக் கண்ணிக்கு ஒரு பித்தளை வில்லை தொங்கும். முனையிலிருந்து முதல் வில்லைக்கு ஒரு பல், அடுத்ததற்கு இரண்டு, இப்படி நாலு வரை, நட்டநடுவில் இருப்பது மட்டும் வட்டம். இருட்டில் விரலால் தடவியே எத்தனையாவது கண்ணி என்று அப்பா சொல்லிவிடுவார். துடைக்கும்போது நானும் கண்ணை மூடித் தடவிப் பார்த்தேன், மூன்று பல்லுக்கும் நாலு பல்லுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

பத்து வயதில் ஒரு நாள் என்னையும் ஒரு சரிவுக்குக் கூட்டிப்போனார். சரிவில் சங்கிலியைத் தரையோடு தரையாகக் கிடத்தி அளக்கக் கூடாது. மேட்டுப்பக்க முனை தரையில் இருக்கும், பள்ளத்துப்பக்க முனையைத் தூக்கிக் கிடைமட்டமாக இழுத்துப் பிடிக்க வேண்டும், அங்கிருந்து தூக்குக்குண்டை இறக்கி, அது தொடும் இடத்தில் முளை அடிக்க வேண்டும். முழுச் சங்கிலியை அப்படி இழுத்துப் பிடிக்க முடியாதென்பதால் இருபது கண்ணி, முப்பது கண்ணி என்று படிப்படியாக இறங்கி வருவார்கள். குண்டின் நூலைப் பிடிக்கும் வேலை எனக்கு. காற்றில் குண்டு ஆடிக்கொண்டே இருந்தது. 'நிக்கட்டும், நிக்கட்டும்' என்று சொல்லியபடி அப்பா சங்கிலியைத் தோள் உயரத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றார், அவருடைய கழுத்து நரம்பு புடைத்திருந்தது. சாயங்காலம் இறங்கி வரும்போது, இவ்வளவு தூரம் நடந்தோமே, நோட்டில் ஏன் குறைவாக எழுதினார்கள் என்று கேட்டேன். 'காகிதத்துல மேடு கிடையாதுடா. நடக்கிறவனுக்குத்தான் மேடு' என்றார்.

இது உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான் எஸ். 30 டிகிரி சரிவில் வரைபடத்து 100 மீட்டர், காலுக்கு 115 மீட்டர். உங்கள் பத்திரத்தில் எழுதியிருப்பது அந்தத் தட்டையான பரப்பு, ட்ரோன் கொடுக்கும் படமும் மேலிருந்து பார்த்ததுதான். வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகளை என்னைவிட நூறு மடங்கு வேகமாக உங்களால் படிக்க முடியும், எங்கே வெட்ட வேண்டும், எங்கே நிரப்ப வேண்டும், தாங்குசுவர் எத்தனை அடி என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவீர்கள். ஆனால் ஒன்பது வருடமாக ஒரு மலை உங்கள் முழங்காலுக்கு என்னவெல்லாமோ சொல்லிக்கொடுத்திருக்கிறது, அந்த முழங்காலை நீங்கள் ஒரு நாள்கூடச் சைட்டுக்குக் கூட்டிப்போகவில்லை. ஐந்து ஏக்கரைப் படத்தில் பார்த்து முடித்தேன் என்று எழுத உங்களுக்குக் கை வந்திருக்கிறது. எனக்கு மனசு கேட்கவில்லை.

அந்த ஐந்து ஏக்கர், சுமாராக 2 ஹெக்டேர். 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் அதன் மேல் விழுவது 10 லட்சம் லிட்டர். விழுந்ததில் எவ்வளவு ஓடும் என்று கணக்குப் போட எமில் குய்ச்லிங் 1889இல் எழுதிய சூத்திரத்தை இன்றும் உங்கள் பொறியாளர்கள் பயன்படுத்துகிறார்கள். மணற்பாங்கான மண்ணில் புல் இருந்தால், சரிவாக இருந்தாலும், ஐந்தில் ஒரு பங்குக்குள்தான் ஓடும், மிச்சத்தை மண் குடிக்கும். தாரும் கூரையும் போட்டால் பத்தில் ஏழிலிருந்து ஒன்பதரை பங்கு வரை ஓடிவிடும். பொறியாளர் அதற்கு ஒரு குழாய் அளவு எழுதித் தருவார், நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள். அந்தக் குழாயின் வாய் யார் பக்கம் திறக்கிறது, அதற்குக் கீழே மண் எப்படி இருக்கிறது, அங்கே ஒரு வேர் அந்தரத்தில் நிற்கத் தொடங்கிவிட்டதா என்று பார்க்க அந்தத் தாளில் கட்டம் கிடையாது. மலையில் நாலு எட்டு இறக்கி நீரை வெளியே விட்டாரே அந்த ஆள், அவர் மழையில் நனைந்துகொண்டு நின்று பார்த்துத்தான் அந்த இடத்தைக் கண்டுபிடித்திருப்பார்.

எனவே உங்களிடம் கேட்பது இதுதான். ஐந்து ஏக்கரில் கல் நடுவதற்கு முன்னால் மலைக்குப் போடும் அதே ஷூவைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை நடந்து பாருங்கள், வரைபடம் கையில் வேண்டாம். முழங்கால் மாறும் இடத்தில் எல்லாம் ஒரு குச்சி நட்டுவையுங்கள், வீட்டுக்கு வந்து அதைக் கோடுகளோடு ஒப்பிடுங்கள். அதற்கும் முன்னால், அடுத்த பெரிய மழையன்று, ஞாயிறாக இருந்தாலும் சரி, மலையை விட்டுவிட்டு நீங்கள் கட்டியதிலேயே பழைய கட்டடத்தின் பின்பக்கம் போய் அரை மணி நேரம் நில்லுங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் போனது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
கே.