கேள்வி – பதில்: கோடை வகுப்பில் கடலியல்

வட ஆற்காடு வட்டார வாசகர்கள் கோடைக்காலக் கடலியல் வகுப்பைப் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு, இந்தப் பாடத்தில் தேர்ந்த ஆசிரியர்கள் பதில் தருகிறார்கள்.

கேள்வி: பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு முடித்திருக்கிறேன். வேலூரில் ஆறு வாரக் கடலியல் வகுப்பில் சேர ஆசை. 4 கிரெடிட். ஒரு செமஸ்டர் பாடத்தை ஆறு வாரத்தில் முடிப்பார்களாம். தினமும் பஸ்ஸில் போய்வர வேண்டும். சமாளிக்க முடியுமா?
– கல்லூரி மாணவி, ஆரணி

பதில்: முடியும். கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சேருங்கள். ஒரு கிரெடிட்டுக்கு 15 மணி நேர வகுப்பு என்றால் 4 கிரெடிட்டுக்கு 60 மணி நேரம். செமஸ்டரில் 15 வாரம், வாரத்துக்கு 4 மணி நேரம். கோடையில் அதே 60 மணி நேரம் ஆறு வாரத்துக்குள் வருவதால், வாரம் ஐந்து நாள் வகுப்பு என்றால் தினமும் 2 மணி நேரம். ஒரு நாள் லீவு போட்டால் செமஸ்டர் கணக்கில் அரை வாரம் போய்விடும். சித்திரை, வைகாசியில் முகூர்த்தங்கள் அடுத்தடுத்து வரும். வீட்டில் இப்போதே பேசி வையுங்கள்.

கோடை வகுப்பில் தேறாதவர்களைப் பார்த்தால், பாடம் புரியாமல் விட்டவர்கள் குறைவு. இரண்டு நாள் பின்தங்கி, பிறகு எட்டிப் பிடிக்க முடியாமல் விட்டவர்களே அதிகம். கடலியல் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் பாடம். உப்பும் வெப்பமும் தெரியாமல் அடர்த்தி புரியாது. அடர்த்தி தெரியாமல் ஆழ்கடல் நீரோட்டம் புரியாது.

வகுப்புக்கு வெளியே தினமும் மூன்று மணி நேரமாவது வேண்டும். முந்தின இரவு அரை மணி நேரம், மறுநாள் பாடத்தின் படங்களையும் அவற்றின் கீழ் உள்ள வரிகளையும் மட்டும் பாருங்கள். வகுப்பு நடந்த அன்றே அந்தப் படங்களைப் புத்தகம் பாராமல் வரையுங்கள். அம்பு எந்தப் பக்கம் போகிறது என்று தயங்கும் இடம்தான் உங்களுக்குப் புரியாத இடம். மறுநாள் ஆசிரியரிடம் அதைக் கேளுங்கள். கத்திரி வெயிலில், மதியம் பஸ்ஸில் வந்து இறங்கியதும் கணக்குப் போட உட்காராதீர்கள். விடியற்காலை 5 முதல் 7 வரை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறன்று புதுப் பாடம் தொட வேண்டாம், கணக்குகள் மட்டும்.

வகுப்பு தொடங்கும் முன் ஒரு வாரம் அலகு மாற்றம், சைன் மதிப்பு, வரைபடத்தின் சரிவு மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வரைபடத்தில் ஆழம் மேலே பூஜ்யத்தில் தொடங்கிக் கீழே போகும். 0, 50, 100, 200, 500, 1000 மீட்டர் என்று அட்டவணை தந்தால், பலர் அந்த ஆறையும் சம இடைவெளியில் குறித்துவிடுகிறார்கள். அப்போது வெப்பம் திடீரென்று குறையும் அடுக்கே தெரியாமல் போகும். 100 மீட்டரில் 24 டிகிரி, 150-இல் 18 டிகிரி என்றால் மீட்டருக்கு 0.12 டிகிரி குறைகிறது. 500-இல் 10, 1000-இல் 6.5 என்றால் மீட்டருக்கு 0.007 தான். இந்த வித்தியாசம் கோட்டின் சாய்வில் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

பணம் கட்டும் முன், இந்த 4 கிரெடிட்டை உங்கள் கல்லூரி ஏற்கும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழி போதாது.

கேள்வி: கடலே இல்லாத ஊரில் இருந்துகொண்டு மகள் கடலியல் படிக்கிறேன் என்கிறாள். எதிர்காலம் உண்டா?
– ஒரு தந்தை, குடியாத்தம்

பதில்: ஒரு கோடை வகுப்பு வேலை வாங்கித் தராது. இந்தத் துறை பிடிக்கிறதா என்பதை ஆறு வாரத்தில் காட்டிவிடும், அதுவே பெரிய லாபம். மேலே படிக்க நினைத்தால், கடல்வாழ் உயிரினங்களுக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை மையம். நீரோட்டம், அலை போன்ற இயற்பியல் பக்கத்துக்குக் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். கடல்சார் பொறியியலுக்கு சென்னை ஐ.ஐ.டி. என்று வழிகள் உண்டு. பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம், கோவாவில் தேசியக் கடலியல் கழகம், சுனாமி எச்சரிக்கை தரும் ஹைதராபாத் இன்காய்ஸ் ஆகியவை அரசு நிறுவனங்கள். இயற்பியல் பக்கம் போவதென்றால் பட்டப்படிப்பில் கணிதத்தை விட்டுவிட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். காட்பாடியிலிருந்து சென்னை 130 கிலோமீட்டர்தான், தூரம் ஒரு தடையல்ல.

கேள்வி: கடல்நீர் கிடைக்காததால் ஒரு லிட்டர் தண்ணீரில் 35 கிராம் உப்பைக் கரைத்து மாணவர்களுக்குச் செய்துகாட்டுகிறேன். உப்புத்தன்மையைக் காட்டும் மிதவைக் கருவியான ஹைட்ரோமீட்டரில் 35 வர வேண்டிய இடத்தில் 38 வருகிறது. எங்கே தவறு?
– கல்லூரி ஆசிரியர், வாணியம்பாடி

பதில்: முதலில் அளவு. கடல்நீரின் சராசரி உப்புத்தன்மை 35 என்றால் ஒரு கிலோ கடல்நீருக்குள் 35 கிராம் உப்பு. அதற்கு 965 கிராம் தண்ணீரும் 35 கிராம் உப்பும் சேர வேண்டும். ஒரு லிட்டரோடு 35 கிராம் சேர்த்தால் 33.8 தான் வரும். ஆக உங்களுக்குக் குறைவாகக் காட்ட வேண்டியது கூடுதலாகக் காட்டுகிறது.

சந்தேகப்பட வேண்டியது தண்ணீரை. உங்கள் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீரில் ஏற்கெனவே உப்பு கரைந்திருக்கும். டி.டி.எஸ். (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற அளவு) 2000 என்றால் லிட்டருக்கு 2 கிராம் அதிலேயே வந்துவிடும். கேன் தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள். கல் உப்பில் ஈரமும் மண்ணும் இருக்கும், பாக்கெட் தூள் உப்பே நல்லது. அடுத்தது காற்றுக் குமிழி. ஹைட்ரோமீட்டரின் பக்கவாட்டில் நான்கைந்து குமிழிகள் ஒட்டினாலே கருவி தூக்கிக்கொண்டு, உப்பைக் கூட்டிக் காட்டும். உள்ளே விட்டதும் ஒருமுறை சுழற்றி விடுங்கள். கண்ணை நீர் மட்டத்துக்கு இறக்கிப் படியுங்கள்.

வெயில் வேறு திசையில் கெடுக்கும். 25 டிகிரிக்கு அளவு குறித்த கருவியை 35 டிகிரி நீரில் விட்டால், உப்புத்தன்மையை 4-க்கு மேல் குறைத்துக் காட்டும். மே மாத வேலூரில் மேசையில் வைத்த தண்ணீர் எளிதில் அந்தச் சூட்டுக்கு வரும். கிணற்று உப்பும் வெயிலும் ஒன்றையொன்று ஈடுகட்டி எண் "சரியாக" வந்துவிட்டால்தான் ஆபத்து, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். வெப்பமானியை அருகிலேயே வைத்து இரண்டு எண்ணையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள்.

கலக்கிய நீர் மீதியிருந்தால் இதையும் செய்து காட்டுங்கள். கண்ணாடி டம்ளரில் பாதி உப்புநீர், அதில் ஒரு துளி சொட்டு நீலம். மேலே ஒரு கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகு வழியாக நல்ல தண்ணீரை மெல்ல விடுங்கள். நீலத்தின் மேல் தெளிந்த நீர் தனி அடுக்காக நிற்கும். உயரத்திலிருந்து ஊற்றினால் கலங்கிவிடும். வங்கக் கடலின் மேற்பரப்பில் நடப்பது இதுதான். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, கோதாவரி நீரும் மழையும் உப்புக் குறைந்த அடுக்காக மேலே நிற்கின்றன. புயல் காற்று கீழேயுள்ள குளிர்ந்த நீரைக் கலக்கி மேலே கொண்டுவர இந்த அடுக்கு எளிதில் விடாது. கடலின் மேற்பரப்பு சூடாகவே இருப்பதால் புயலுக்குத் தீனி குறைவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் பாலாற்றில் வெள்ளம் கொண்டுவரும் மழைக்கும் இந்தக் கடலுக்கும் உறவு உண்டு என்று சொல்லிக்கொடுத்தால் மாணவர்கள் மறக்க மாட்டார்கள்.

கேள்வி: தென்மேற்குப் பருவக்காற்றின்போது தமிழகக் கரையோர மேல்நீர் எந்தப் பக்கம் தள்ளப்படும் என்ற கேள்விக்குக் "கரையை நோக்கி" என்று எழுதினேன். தவறாம். மேலும் நீர் காற்றின் திசையிலிருந்து திரும்புவது 45 டிகிரியா, 90 டிகிரியா என்பதும் குழப்பம்.
– மாணவர், வாலாஜாபேட்டை

பதில்: நீங்கள் காற்றின் அம்பைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள். காற்றுக்கு அது புறப்படும் திசையால் பெயர், நீரோட்டத்துக்கு அது போகும் திசையால் பெயர். தென்மேற்குக் காற்றின் அம்பு வடகிழக்கு நோக்கிப் போகும். வட அரைக்கோளத்தில் புவிச் சுழற்சி நீரை வலப்பக்கம் திருப்பும். வடகிழக்குக்கு 90 டிகிரி வலம் தென்கிழக்கு. நம் கரை மேற்கில் இருப்பதால் அது கரையை விட்டு விலகும் திசை. விலகிய இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும்.

மேற்பரப்பு நீர் மட்டும், கோட்பாட்டின்படி, காற்றுக்கு 45 டிகிரி வலமாகப் போகும். கீழே போகப் போக இன்னும் திரும்பி வேகம் குறையும். அந்த அடுக்குகள் எல்லாவற்றையும் கூட்டினால் 90 டிகிரி. கேள்வியில் "மேற்பரப்பு நீரோட்டம்" என்றால் 45, "மொத்த நீர்ப் பெயர்ச்சி" என்றால் 90. 1893–96-இல் வடதுருவக் கடலில் ஃப்ராம் கப்பல் பயணத்தின்போது, பனிக்கட்டிகள் காற்றின் திசைக்கு வலமாக நகர்வதை நார்வே ஆய்வாளர் நான்சென் கண்டார். அதற்குக் கணிதம் தந்தவர் ஸ்வீடன் கடலியலாளர் எக்மன், 1905-இல். தேர்வில் முதலில் வடக்கைக் குறித்துவிட்டு, பிறகு கரை, பிறகு காற்று என்ற வரிசையில் வரையுங்கள்.

கேள்வி: வகுப்பு முடியும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னைக் கடற்கரைக்குப் போகிறோம். பாடத்துக்கு உதவ என்ன பார்க்கலாம்?
– மாணவர்கள், ராணிப்பேட்டை

பதில்: முதல் ரயிலில் போய்விடுங்கள். மதியம் கடற்காற்று எழுந்தால் சிறு அலைகள் குறுக்கிட்டு எண்ண விடாது. கரையில் நின்று, அலை உடையும் ஓர் இடத்தைக் குறிவைத்து, முதல் முகடு முதல் பதினோராவது முகடு வரை செல்போனில் நேரம் பாருங்கள். அதைப் பத்தால் வகுத்தால் அலைக்காலம். பத்து முகட்டோடு நிறுத்தி, பத்தால் வகுப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. ஐந்து முறை எடுத்துச் சராசரி போடுங்கள். அலைக்காலத்தை வர்க்கமாக்கி 1.56-ஆல் பெருக்கினால் ஆழ்கடலில் அந்த அலையின் நீளம் மீட்டரில் வரும். 8 நொடி என்றால் சுமார் 100 மீட்டர். அலைநீளத்தில் பாதி, அதாவது 50 மீட்டர் ஆழத்துக்கு வந்ததும் அந்த அலை தரையை உணரத் தொடங்கும். கரைக்கு வரும்போது நீளமும் வேகமும் குறையும், அலைக்காலம் மாறாது. அதனால்தான் கரையில் எடுத்த எண்ணைக் கொண்டு ஆழ்கடல் கணக்கைப் போட முடிகிறது.

பிறகு மெரினாவின் அகலத்தையும், துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம், காசிமேடு கரையையும் ஒரே நாளில் பாருங்கள். ஆண்டுக் கணக்கில் நம் கரையோர மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய துறைமுகச் சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. மணல் வரத்து நின்ற வடக்கே கடல் கரையை அரித்தது. அங்கே கொட்டியிருக்கும் கருங்கற்கள் அதைத் தடுப்பதற்குத்தான். நோட்டில் துறைமுகச் சுவர், இரு பக்கக் கரை, மணல் போகும் அம்பு மூன்றையும் அங்கேயே நின்று வரைந்துகொள்ளுங்கள். யாரும் நீரில் இறங்க வேண்டாம். மெரினாவில் இழுப்பு அதிகம். அளக்க வேண்டியதெல்லாம் கரையிலிருந்தே அளக்கலாம்.