நார்தம் ரோட்டில் நடப்பது யார்?

போன மாதம் இந்தப் பகுதியில் ஜார்ஜ்டவுன் நார்தம் ரோட்டில் இருக்கும் பழைய வெள்ளைக்காரக் கல்லறைத் தோட்டத்தைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்கு வந்த கடிதங்களைப் போட்டு வைக்க ஒரு ஷூ டப்பா தேவைப்பட்டது. எனவே இந்த மாதம் முழுக்க அதே விஷயம்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் பேராசிரியர் இல்லை. பினாங்கில் 31 வருடம் டாக்சி ஓட்டியவன். சுற்றுலாக்காரர்களை இறக்கிவிட்டு, அவர்கள் திரும்பி வரும்வரை நானும் உள்ளே போய்க் கல்வெட்டு படிப்பேன். அப்படிச் சேர்ந்ததுதான் என் சரக்கு.

என் மகன் அந்தக் கல்லறைக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு ஹோட்டலில் இரவு வேலை பார்க்கிறான். நடு இரவில் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் அந்தப் பக்கம் நடப்பதாகவும், அவர் பிரான்சிஸ் லைட் என்றும் கூட வேலை செய்கிறவர்கள் சொல்கிறார்களாம். உண்மையா ஐயா?
— ஒரு தாய், சுங்கைப் பட்டாணி

அம்மா, பார்த்தேன் என்று சொல்கிறவர்களிடம் ஒன்று கேட்கச் சொல்லுங்கள். அது லைட் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கி, இந்தத் தோட்டத்திலேயே அடக்கமான அந்த மனிதரின் முகம் யாருக்கும் தெரியாது. கார்ன்வாலிஸ் கோட்டையில் நிற்கிற சிலை, பினாங்கில் ஆங்கிலேயர் குடியேறிய 150ம் ஆண்டுக்காக 1936ல் செய்தது. அப்பாவின் படம் கிடைக்காததால் மகன் வில்லியம் லைட்டின் சாயலை வைத்துச் செய்தார்கள். அந்த மகன் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்துக்குத் திட்டம் போட்டவர், அங்கேயே அடக்கமானவர். நார்தம் ரோட்டில் நடக்கிறவர் சிலை மாதிரி இருந்தால், அவர் கடல் தாண்டி வந்த மகனாகத்தான் இருக்க வேண்டும்!

நானும் ஒரு தடவை பயந்திருக்கிறேன், மறைக்கவில்லை. எண்பதுகளின் கடைசியில், ராத்திரி ஒரு மணி இருக்கும். சவாரி முடிந்து அந்தப் பக்கம் வருகிறேன். கெம்போஜா (பெருங்கள்ளி) மரத்தடியில் வெள்ளையாக ஒன்று குனிந்து நிமிர்கிறது, பக்கத்தில் நெருப்புப் புள்ளி. முருகா என்று காரை நிறுத்தினேன். (ஏன் நிறுத்தினேன் என்று இன்றுவரை என் மனைவி கேட்கிறாள்.) அப்புறம் காதில் விழுந்தது நல்ல தமிழ். "தொரை, ஒரே ஒரு நாலு நம்பர் சொல்லுங்க தொரை, மவ கல்யாணம்." பனியன் போட்ட ஒரு பெரியவர் ஊதுபத்தி கொளுத்தி வைத்துக்கொண்டு லைட் துரையிடம் லாட்டரி நம்பர் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து அவர் போட்ட அலறலில்தான் ஜாகா, அதாவது காவலாளி, எழுந்து வந்தார். மறுநாள் நான் நம்பர் கடைக்குப் போய், லைட் இறந்த வருஷம் ஆயிற்றே என்று 1794 எடுத்தேன். விழவில்லை.

அந்தக் கல்லறைகளில் பாதிப் பேர் சின்ன வயசில் செத்திருக்கிறார்களே, ஏதாவது சாபமா?
— கல்லூரி மாணவர், பட்டர்வொர்த்

தம்பி, சாபம்தான். கொசுவின் சாபம். 1786ல் லைட் வந்து இறங்கியபோது இந்தத் தீவில் பெரும்பகுதி காடு. காட்டை வெட்டினார்கள், மலைச் சரிவில் மிளகு போட்டார்கள். மரநிழலில் ஓடிய ஓடை வெயிலுக்கு வந்தது. மலைப்பக்கத்து மலேரியாக் கொசுவில் ஒரு வகைக்கு வெயில் படுகிற தெளிந்த ஓடைதான் பிரசவ வார்டு. காட்டை அழிக்க அழிக்கக் காய்ச்சல் பெருகியது. கெட்ட காற்றால் வருகிறது என்று நினைத்தார்கள். மலேரியா என்ற சொல்லுக்கே அதுதான் அர்த்தம். லைட் 1794 அக்டோபர் 21ல் மலேரியாவில் போனார். கொசுதான் அதைப் பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897ல். நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து!

பெரிய பதவி யாரையும் காப்பாற்றவில்லை. 1816ல் ஆளுநர் வில்லியம் பெட்ரி போனார். சுதேசிகளுக்காக வழக்காடிய வக்கீல் ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன், இந்தோனேசியா என்ற பெயரைப் பரப்பிவிட்டவர், 1869ல் அதே மலேரியாவில் போனார். ஹோட்டல் நடத்திய தாமஸ் லியோனோவன்ஸ் 1859ல் முப்பத்தொரு வயதில் இறந்து இங்கேதான் கிடக்கிறார். அவருடைய மனைவி அன்னாதான் பிறகு சயாம் அரண்மனையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர். கணவர் ராணுவ மேஜர் என்று அந்த அம்மா பிற்பாடு சொல்லிக்கொண்டார், தான் பிறந்தது அகமத்நகர் என்பதையும் மறைத்தார். கல்லறைக்குள் இருக்கிறவர்களைவிட வெளியே இருக்கிறவர்கள் சொல்லும் கதைதான் நீளம்.

கெம்போஜா மரத்தை வீட்டில் வைக்கலாமா? மாமியார் பொந்தியானாக் வரும் என்கிறார்.
— ஓர் இல்லத்தரசி, பிறை

பொந்தியானாக் என்பது மலாய்க்காரர் சொல்லும் பெண் பேய். அவர்கள் கல்லறைகளில் அந்த மரம் நிற்பதால் வந்த பேச்சு. மரத்தின் மேல் தப்பில்லை. ஆனால் மாமியார் வேண்டாம் என்றால் வேண்டாம். பொந்தியானாக்கைச் சமாளிப்பது சுலபம்.

கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட பானர்மேன் பினாங்கில் புதைக்கப்பட்டதாக ஒருவர் சொன்னார். நம்ப முடியவில்லை. உண்மையா?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஆயர் ஈத்தாம்

உண்மைதான் ஐயா. இந்தக் கடிதத்துக்காகத்தான் மற்றதற்கெல்லாம் பதில் எழுத உட்கார்ந்தேன்.

1799ல் பாஞ்சாலங்குறிச்சிமேல் படை நடத்திய மேஜர் ஜான் அலெக்சாண்டர் பானர்மேன், அந்த அக்டோபர் 16ல் கயத்தாறில் வீரபாண்டிய கட்டபொம்மனைத் தூக்கில் ஏற்றிய அதே ஆள், 1817ல் பினாங்குக்கு ஆளுநராக வந்தார். இரண்டு வருஷம் இருந்தார். 1819 ஆகஸ்டில் காலரா கொண்டுபோனது. லைட் கிடக்கிற அதே தோட்டத்தில் அடக்கம்.

என் தாத்தா கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்ட வந்தவர். எஸ்டேட் திருவிழாவில் கட்டபொம்மன் கதை படிப்பார். பானர்மேன் பெயர் வரும் இடத்தில் காறித் துப்பிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவார். சிறுவனாக எனக்கு அது பாட்டின் தாளத்தில் ஒரு பகுதி என்றே நினைப்பு. எத்தனையோ தடவை பினாங்குக்கு வந்தவர், அந்த மதிலைத் தாண்டி பஸ்ஸில் போயிருக்கிறார். உள்ளே யார் என்று தெரியாமலே செத்தார். எனக்கே பத்து வருடம் டாக்சி ஓட்டிய பிறகுதான் தெரியும்.

இன்னொன்றும் சொல்கிறேன். 1801ல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பிறகு, சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்பட எழுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கிழக்கிந்தியக் கம்பெனி தூத்துக்குடியில் கப்பலேற்றி நாடு கடத்தியது. எங்கே? இதே பினாங்குக்கு. துரைசாமிக்கு அப்போது பதினைந்து வயசு போல. 1818ல் இங்கே வந்த கர்னல் வெல்ஷ், அவரைச் சின்னப் பையனாகப் பார்த்திருந்தவர், எதிரே வந்து நின்ற தளர்ந்த மனிதரை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. முப்பது வயசு ஆளைக் கிழவன் என்று நினைத்துவிட்டார். 1818ல் பினாங்கின் ஆளுநர் யார்? பானர்மேன். ஃபார்குவார் வீதியில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் கட்டி முடித்ததும் அந்த வருஷம்தான், கைதிகளின் உழைப்பில்.

பானர்மேன் துரையின் பெயர் கல்லில் இருக்கிறது. கடத்தப்பட்டவர்களின் பெயரைத் தேடி அந்தத் தோட்டத்துக்குள் போகாதீர்கள், இருக்காது. தாத்தாவுக்காக நான் பானர்மேன் கல்லறைக்கு ஒரு தடவை போனேன். துப்பவில்லை. வாய் காய்ந்து கிடந்தது, ஒருவேளை அதனாலும் இருக்கலாம்.

ராத்திரியில் உள்ளே போய்ப் பார்க்க ஆசை. துணைக்கு வருவீர்களா?
— மூன்று நண்பர்கள், கூலிம்

வரமாட்டேன். பகலில் போங்கள், காலை ஒன்பது மணிக்கு வெயில் இதமாக இருக்கும். மழை பெய்திருந்தால் வேரும் கல்லும் வழுக்கும், செருப்பைப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். கொசு மருந்தைக் கண்டிப்பாகப் பூசுங்கள். இப்போது டெங்கிக் காலம்.